இத்ஃபூவில் மூன்று மணி நேரம்

ஷுக்ரி தன் மனைவிக்குத் தர வேண்டிய கடன் இரண்டாயிரத்து ஒரு பவுண்டு. நிக்காஹ் தாளில் எழுதியிருக்கிறது. மணப்பெண்ணுக்கு அவர் தர வேண்டிய மஹரில் பாதியைக் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டார். மீதியை, தலாக் சொன்னாலோ செத்துப்போனாலோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கட்டைவிரலை மசியில் தோய்த்து வைத்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மஹல்லா ஊர் நூற்பு மில்லில் அவருக்கு மாதச் சம்பளம் அறுபது பவுண்டு. அன்றைக்கு அந்தத் தொகை ஒரு மலை. இன்றைக்கு அதில் ஐந்து கிலோ கறி வாங்கலாம், எலும்போடு.

இன்ஸாஃப் அந்தப் பணத்தை ஒரு நாளும் நினைத்ததில்லை. எந்தப் பெண்டாட்டி நினைப்பாள்? அது கைக்கு வர வேண்டுமென்றால் ஒன்று வீடு போகணும், இல்லை ஆள் போகணும். ஆனால் கப்பலில் ஏறிய இரண்டாம் நாள் காலையில் அவள் மனசு திரும்பத் திரும்ப அந்தத் தாளிலேயே போய் நின்றது. அறையின் ஜன்னலைத் திறந்தாள். லக்ஸர் கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருந்ததால் நைலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பக்கத்துக் கப்பலின் ஜன்னல்தான் தெரிந்தது. மூடினாள். மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள்.

ஷுக்ரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்த தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மில்லின் மாலை வகுப்பில் நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர். ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத்தான் நகர்வார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நாளைக்குக் காலைல ஆறு மணி, இத்ஃபூ. குதிரை வண்டியில கோயில். ஒம்பதுக்குக் கப்பல் கெளம்பும்."

அவள் போர்வையைத் தலைமாட்டில் வைத்தாள்.

"நம்ம பையன் ஹாஸிம் உன்னை ஷர்ம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். அலெக்ஸாந்திரியா போலாம்னான். நாப்பது வருஷத்துல ஒரு ஜோடிச் செருப்புக்கூட வாய்விட்டுக் கேக்காதவ, கப்பல் வேணும்னு கேட்ட. இதுக்குத்தானா?"

"அஸ்வான் போற கப்பல் எல்லாமே இத்ஃபூவுல நிக்கும், அபூ ஹாஸிம். நானா நிறுத்தறேன்?"

"கப்பல் நிக்கட்டும். வண்டியில ஏறு, கோயிலப் பாரு, கடலை வாங்கித் தின்னு. எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போ, உம்மு ஹாஸிம். அந்த ஒரு வாசப்படி மட்டும் வேணாம். நான் சொன்னது சொன்னதுதான்."

சொன்னது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஒரு வெள்ளிக்கிழமை ஷுக்ரி ஏதோ ரேஷன் அட்டைக்காக அவள் பெட்டியைத் திறந்தார். நிச்சயத்துக்கு அவர் போட்ட ஆறு வளையலும் ஒரு சங்கிலியும் இருந்த வெல்வெட் பை தட்டையாகக் கிடந்தது. அந்த வாரம்தான் அவள் தம்பி பஸ்தாவி இத்ஃபூவிலிருந்து பேரீச்சம்பழக் கூடையோடு வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போயிருந்தான். "நகை எங்க?" என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. கத்தினார். திறக்கவில்லை. பஸ்தாவிக்குப் போன் போட்டு அதே கத்தலோடு கேட்டார். மறுமுனையில் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சொன்னான்: "ஆமா மச்சான், நான்தான் எடுத்தேன். கஷ்டம்."

போனை வைத்ததும், பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுபட, ஷுக்ரி ஆணை போட்டார். இனி நீ அவன் வீட்டு வாசற்படியை மிதித்தால் உனக்குத் தலாக்.

அவள் வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சுவர் மெல்லிசு. நன்றாகக் கேட்டது.

*

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஹாஸிம் குவைத்தில் மின்வேலை செய்கிறவன். இரண்டு வருஷம் கூடுதல் நேரம் பார்த்துச் சேர்த்த காசில் அப்பா, அம்மா, மனைவி ரிஹாம், விதவையான அத்தை ஹிக்மத் எல்லோரையும் கூட்டி வந்திருந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தான்.

ஷுக்ரி தட்டோடு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "இத்தனை பாத்திரம் வெச்சிருக்கான், அவரைக்கொட்டைய எங்க வெச்சிருக்கான்னு தெரியல."

"கடைசியில இருக்குப்பா."

"தண்ணி பாட்டிலுக்குத் தனிக் காசாம். சுத்தி நைல் ஓடுது, நடுவுல உக்காத்தி வெச்சுத் தண்ணிக்குக் காசு கேக்கறான்."

"நான் குடுக்கறேன், விடுங்க."

"நீ ஏன் குடுக்கணும்?" அவர் மேல்சட்டைக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மாத ஓய்வூதியத்தை அப்படியே உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். மகன் காசில்தான் வந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். வந்ததிலிருந்து அதில் ஒரு பவுண்டும் செலவாகவில்லை.

ஹிக்மத், ரிஹாமின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குக் குதிரை வண்டியாமே? நான் வரல. குதிரை என்னப் பாத்தாலே பல்லக் காட்டுது."

"உங்களப் பாத்து யாரு பல்லக் காட்டினாலும் சந்தோஷப்படுங்க அத்தை," என்றான் ஹாஸிம். ரிஹாம் சிரித்தாள். இன்ஸாஃப் இரண்டு அவித்த முட்டையையும் நாலு ரொட்டியையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"மாமி, அதெல்லாம் மதியமும் குடுப்பாங்க," என்றாள் ரிஹாம்.

"இருக்கட்டும்மா."

ஹாஸிம் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இத்ஃபூன்னதும் உனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும். தெரியும். ஆனா அக்கா நகையத் தின்ன மனுஷன் முகத்துல என்ன பார்வை வேண்டிக் கெடக்கு?"

"தட்டுல இருக்கறதச் சாப்பிடு," என்றாள் அவள்.

அவனுக்குத் தெரியாதது இது. பத்து நாள் முன்பு பஸ்தாவியின் மனைவி நஈமா போன் பண்ணியிருந்தாள். சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. அடுத்ததையும் எடுக்கணும் என்கிறார்கள். மாட்டேன் என்று படுத்துவிட்டான். சவாரிக்கு ஓட்டிய வண்டியையும் குதிரையையும் விற்றாகிவிட்டது. "கண்ணத் தொறந்தா 'அக்கா'ங்கறாரு அண்ணி. வேற ஒண்ணும் கேக்கல."

*

மதியம் கப்பல் புறப்பட்டது. இன்ஸாஃப் ஓரிடத்தில் உட்காரவில்லை. மேல்தளத்தில் நாற்காலிகளுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். கரும்புக் காடும் செங்கல் சூளையும் துணி துவைக்கிற பெண்களும் பின்னால் போனார்கள். தட்டு எடுக்கிற பணியாள் மூன்றாம் முறை எதிர்ப்பட்டபோது, "அம்மா, கப்பலே போயிட்டுதான் இருக்கு, நீங்க வேற நடக்கணுமா?" என்று கேட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் நடந்தாள்.

பொழுது சாயும் முன், கப்பல்களை மேல்மட்ட ஆற்றுக்கு ஏற்றிவிடும் இஸ்னா மதகுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் ஆறு கப்பல்கள் முறைக்காகக் காத்திருந்தன. துடுப்புப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு, நீள அங்கிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேல்தளத்துக்கு வீசினார்கள். ஒரு பை ஹிக்மத்தின் மடியில் வந்து விழுந்தது. பச்சை நிறம், கழுத்தில் ஜரிகை.

"ஹாஜ்ஜா, உங்களுக்குன்னே தச்சது. நானூறு."

"நூறு."

"நூறுக்கு அந்தப் பை மட்டும் வரும்."

"அப்ப இந்தா, புடி உன் துணிய."

"வேணாம், நீங்க துணிய எறிஞ்சா தண்ணியில விழும். காச எறிஞ்சா மட்டும்தான் படகுல விழும்."

ஹிக்மத் சிரித்துக்கொண்டே நூற்றைம்பதைப் பையில் சுற்றிக் கீழே போட்டாள். திரும்பியபோது இன்ஸாஃப் பக்கத்தில் நின்றாள். சிரிப்பு அப்படியே கரைந்தது.

"நாளைக்கு இத்ஃபூ, ஹிக்மத்."

"தெரியும் அண்ணி."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு."

"ஊருக்குப் போய்ச் சொல்றேன். பையன் ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கான். இங்க வெச்சு வேணாம்."

"உன் மகளுக்குக் குழந்தை பொறக்கட்டும், சொல்றேன்ன. பொறந்துது. மருமகன் சவூதி போகட்டும்ன. போனான். அந்தக் குழந்தை இப்பப் பள்ளிக்கூடம் போகுது, ஹிக்மத்."

ஹிக்மத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குக் கீழே கன்னம் நனைந்தது. "என்னை வீட்ட விட்டு அனுப்பிடுவாரு. நான் எங்க போவேன்..."

மகள் கல்யாணத்துக்கு ஹிக்மத் ஒரு வியாபாரியிடம் தவணையில் சாமான் எடுத்தாள். ஃப்ரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், அடுப்பு, பன்னிரண்டு பாத்திரம். எட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். போடாதே என்று ஷுக்ரி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். மகளை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? தவணை மூன்று தவறியது. வியாபாரி தாள்களில் இஷ்டத்துக்குத் தொகையை நிரப்பி வழக்குப் போட்டான். அப்படி ஜெயிலுக்குப் போன தாய்மார்கள் அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகாத மகளை மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஹிக்மத் தரையில் விழுந்து அழுதாள். இன்ஸாஃப் வளையல்களை எடுத்துக் கொடுத்தாள். பஸ்தாவிதான் அவற்றைத் தந்தா நகரத்துக்குக் கொண்டுபோய் விற்று, வியாபாரியின் கணக்கை முடித்து, எட்டுத் தாள்களையும் வாங்கி வந்தான். இன்ஸாஃபின் அடுப்பில் வைத்து எரித்தார்கள். அன்றைக்கு ஹிக்மத் அவள் கையை குர்ஆன் மேல் வைத்து, நானாகச் சொல்லும்வரை நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

கணவனின் ஆணை ஒரு பக்கம், நாத்தனாரின் சத்தியம் மறுபக்கம். நடுவில் பதினோரு வருஷம்.

கப்பல் மதகுக்குள் நுழைந்தது. பின்கதவு மூடியது. இரண்டு பக்கமும் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அடியில் தண்ணீர் ஏறியது. கப்பல் உயர்வது காலுக்குத் தெரியவில்லை. சுவர் குட்டையாகிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

"உனக்குச் செஞ்ச சத்தியத்த நான் மீற மாட்டேன்," என்றாள் இன்ஸாஃப். "நீ சொல்லாட்டியும் போகட்டும். ஆனா நாளைக்கு நான் எந் தம்பி வீட்டுக்குள்ள போறேன்."

"அண்ணி... தலாக்கு."

"தெரியும்."

*

காலை ஆறு மணிக்கு இத்ஃபூ. ஜனவரிக் குளிர். கரைக்கும் அவர்கள் கப்பலுக்கும் நடுவே நாலு கப்பல்கள். ஒன்றின் கூடத்துக்குள் புகுந்து அடுத்ததின் கூடத்துக்குள் போய்த்தான் இறங்க வேண்டும். நாலு கூடத்திலும் ஒரே பித்தளை விளக்கு, நாலு வித வாசனைத் தெளிப்பு. இன்ஸாஃப் முன்னால் போனாள். பின்னால் ஷுக்ரியின் இருமல் கூடவே வந்தது. முப்பத்தெட்டு வருஷப் பஞ்சுத் தூசி அது. கண்ணை மூடிக்கொண்டாலும் அவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறார் என்று அவளால் சொல்ல முடியும்.

கரையேறியதும் சாணி வாடை, மணிச் சத்தம், இழுபறி. ஐம்பது அறுபது குதிரை வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஹாஸிம் பேரம் பேசப் போனான். இன்ஸாஃபின் கண் வண்டிகளின் பின்பலகையில் எண்களைத் தேடியது. நாற்பத்தொன்று. நஈமா சொன்ன எண். பஸ்தாவி இருபது வருஷம் ஓட்டிய வண்டி, இப்போது வேறொருவனிடம்.

அவள் அதன் பக்கத்தில் போய் நின்று திரும்பினாள்.

"அபூ ஹாஸிம், உங்ககிட்ட எனக்கு ஒண்ணு வர வேண்டியிருக்கு. பாக்கி மஹர். ரெண்டாயிரத்து ஒண்ணு."

ஷுக்ரி சிரித்தார். "என்ன, கோயில் வாசல்ல பொம்மை வாங்கப் போறியா?"

"நான் பஸ்தாவி வீட்டுக்குள்ள போறேன். போனா உங்க ஆணைப்படி நான் உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல. அப்ப அந்தக் காசு எனக்குச் சேரணும். ரயிலுக்கு வேணும்."

அவர் முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"அம்மா, என்ன பேச்சு இது?" ஹாஸிம் ஓடி வந்தான்.

"நீ சும்மா இரு. எங்கம்மா மௌத்தானப்ப நீதானே என்னக் கூட்டிட்டு வந்த? பதினாலு மணி நேரம் ரயில்ல வந்து என்ன செஞ்சேன்? சொல்லு உங்கப்பாகிட்ட."

ஹாஸிம் தலை குனிந்தான்.

"பஸ்தாவி வீட்டு முன்னால, தெருவுல நாற்காலி போட்டு உக்காந்தேன். உள்ள போனா யாருக்குத் தெரியும்? நீங்க மஹல்லாவுல இருந்தீங்க. ஆனாலும் போகல. எங்கம்மாவ என் முன்னாடி தூக்கிட்டுப் போனாங்க. முகத்தப் பாக்கல. ஊர்ப் பொம்பளைங்க என்னக் கல்நெஞ்சுக்காரின்னாங்க. அன்னைக்கு பஸ்தாவி நடந்து வெளிய வந்து எம் பக்கத்துல நின்னான். இப்ப அவனுக்கு வர்றதுக்குக் காலு இல்ல. அதனால நான் போறேன்."

"ஒரு திருடனுக்காக... நாப்பது வருஷத்த..." ஷுக்ரிக்கு இருமல் வந்துவிட்டது. மீதியைச் சொல்ல முடியவில்லை.

அவள் வண்டியின் இரும்புப் படியில் காலை வைத்தாள். வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்தான். வண்டி நகரவில்லை. குதிரைக்கு முன்னால், மூக்குக்கு மூக்கு, ஹிக்மத் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கடிவாள வாரைப் பிடித்திருந்தாள்.  கறுப்புக் கண்ணாடி மண்ணில் கிடந்தது.

"இறங்காதீங்க அண்ணி, அப்படியே இருங்க. நான் சொல்றேன்." அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். "அண்ணே, அந்த நகைய பஸ்தாவி எடுக்கல. அது எம் மக ஃப்ரிட்ஜாப் போச்சு. மெஷினாப் போச்சு. எட்டு வெத்துத் தாளு... நீங்க போடாதன்னு சொன்ன கையெழுத்து... நான் ஜெயிலுக்குப் போக இருந்தேன். அண்ணி கழட்டிக் குடுத்தாங்க. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனது நானு."

 குதிரை ஹிக்மத்தின் முக்காட்டை மோந்து பார்த்தது.

"நிஜமா?" ஷுக்ரி மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"என்னக் கேக்காதீங்க. பதினோரு வருஷம் முன்னாடி கேட்டப்பவும் நான் சொல்லல."

"அப்ப அவன் ஏன் எடுத்தேன்னு சொன்னான்?"

"நீங்க கத்துனது போன்ல கேட்டுச்சு," என்றாள் ஹிக்மத். "யாராவது ஒருத்தர் 'நான்தான்'னு சொல்லாட்டி அக்கா மேல கை விழுந்துடும்னு நெனச்சாரு. அப்பறம் என்கிட்டச் சொன்னாரு. கேட்டுக்கிட்டு நான் வீட்டுக்குள்ள போய்ச் சோறு தின்னேன். அன்னைக்கும் தின்னேன், மறுநாளும் தின்னேன்."

வண்டிக்காரன் தொண்டையைச் செருமினான். "ஹாஜ், போறீங்களா, இல்ல பஞ்சாயத்து முடியட்டுமா? எனக்கு அடுத்த சவாரி இருக்கு."

ஷுக்ரி வண்டியில் ஏறி மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். தங்கையைப் பார்க்கவில்லை. ஆனால் நகர்ந்து இடம் விட்டார்.

*

ஹிக்மத் அந்த இடத்தில் உட்காராமல், மற்றவர்களோடு பின்னால் இன்னொரு வண்டியில் வந்தாள். வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் தெருவைத் தாண்டியதும் குதிரை தானாக இடதுபக்கம் திரும்பியது. "வித்து ஏழு மாசமாச்சு, இன்னும் இந்தத் தெருவுக்குத்தான் இழுக்குது," என்றான் வண்டிக்காரன்.

நீலக் கதவு. வாசலில் ஒரே ஒரு கல்படி, நடுவில் தேய்ந்து குழிந்தது. இன்ஸாஃப் தெருவில் இறங்கி அந்தப் படியைப் பார்த்தபடி நின்றாள். உண்மை வெளியே வந்துவிட்டது, சரி. ஆணை அப்படியேதான் இருந்தது.

"அப்பா," ஹாஸிம் அவசரமாகச் சொன்னான், "இதுக்கெல்லாம் வழி இருக்கு. ஃபத்வா கேக்கற நம்பருக்குப் போன் போட்டா சொல்லுவாங்க. பத்து ஏழைங்களுக்குச் சோறு போட்டா..."

"போடறேன். பத்து இல்ல, நூறு பேருக்குப் போடறேன். ஆனா பதினோரு வருஷம் அவ காப்பாத்துனத நான் ஒரு போன்ல கழட்டி எறிய மாட்டேன்." ஷுக்ரி செருப்பைக் கழற்றினார். "அவ உள்ள போகக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் போகக் கூடாதுன்னு எவனும் ஆணை போடல."

படியேறி உள்ளே போனார்.

இன்ஸாஃப் கேட்டுக்கொண்டு நின்றாள். நஈமா 'யா அல்லாஹ்' என்றது கேட்டது. பிறகு ஷுக்ரியின் இருமல். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவள் முக்காட்டின் நுனியை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். கட்டில் கிரீச்சிட்டது. கனத்த காலடி வந்தது.

பஞ்சு மூட்டை தூக்க ஒரு முறை இருக்கிறது. முழங்காலை மடக்கணும், முதுகை மடக்கக் கூடாது, நிமிரும்வரை மூச்சை விடக் கூடாது. ஷுக்ரி அப்படித்தான் வந்தார். கையில் கம்பளியோடு பஸ்தாவி. ஹாஸிம் கை கொடுக்கப் போனான். "தள்ளு," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. படியில் இறங்கும்போது ஒரு நொடி ஆடினார்.

"மெதுவா மச்சான்," என்றான் பஸ்தாவி. "மிச்சம் இருக்கறதே இவ்வளவுதான்."

ஷுக்ரி அவனை நாற்பத்தொன்றாம் எண் வண்டியில், அவன் பழைய இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று மூச்சு வாங்கினார். இன்ஸாஃப் ஏறித் தம்பியை அணைத்துக்கொண்டாள். தோள் எலும்பு அவள் நெஞ்சில் குத்தியது. இருவரும் அழுதார்கள். சத்தமே வரவில்லை, தோள்கள்தான் குலுங்கின.

"குண்டாயிட்ட அக்கா."

"நீ பாதியாயிட்ட."

"ஆமா, அது சரிதான்," என்று கம்பளியைத் தட்டிக் காட்டினான். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள வந்து என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. என் கட்டில் சட்டத்துல நெத்திய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நான்தான் 'மச்சான், கப்பலுக்கு நேரமாவுமே'ன்னேன்."

யாரும் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு வண்டிகளும் ஊரைச் சுற்றின. மெதுவாக, பஸ்தாவி நாக்கைச் சொடுக்கிச் சொன்ன திசையெல்லாம். இன்ஸாஃப் துணியை அவிழ்த்து முட்டையும் ரொட்டியும் எடுத்து அவனுக்கு ஊட்டினாள். கப்பல் ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது என்று அவன் குறை சொன்னான். கரும்புச்சாறு கடை முன்னால் நின்றபோது ஹாஸிம் வந்து சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "மாமா, நேத்துக் காலைல நான் உங்களப் பத்தி ஒரு வார்த்தை..." "சாறு சூடாயிடும், குடி," என்றான் பஸ்தாவி. பஸ்தாவியின் மற்றக் காலை அஸ்வான் ஆஸ்பத்திரியில் காட்டுவதென்று அங்கேயே முடிவானது. வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். நாளைக்கே நஈமா அவனைக் கூட்டி வருவாள். ஹாஸிம் அங்கே காத்திருப்பான்.

ஹிக்மத் பின்வண்டியில் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பஸ்தாவி திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டான். "இங்க வந்து உக்காருங்க. இந்தக் குதிரை கடிக்காது. கடிச்சாலும் அதுக்கு உங்க மேல ஒண்ணும் கோவமில்ல."

அவள் வந்தாள். ஷுக்ரிக்குப் பக்கத்தில், இடித்துவிடாமல் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, முகத்தைத் திருப்பாமலே, அவர் கேட்டார். "பதினோரு வருஷம். ஒரு நாளு எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?"

"தினமும் தோணுச்சு. உங்களப் பாத்தாப் போயிடும்."

"என்னப் பாத்தாலா..." அவர் சாலைப் பக்கம் பார்த்தார். "அப்ப அதுல பாதி எந்தப்பு," என்றார்.

*

எட்டே முக்காலுக்குக் கரைக்குத் திரும்பினார்கள். கப்பல்களின் ஊதல் கேட்டது. ஷுக்ரி மேல்சட்டைக்குள் கைவிட்டு, தையலை விரலால் பிய்த்து, இருநூறு பவுண்டுத் தாள்களாகப் பத்து எடுத்தார். எல்லோர் முன்னாலும், ஒவ்வொன்றாக இன்ஸாஃபின் மடியில் வைத்தார்.

"இது எதுக்கு? தலாக்கும் ஆகல, நீங்களும் சாகல."

"அதுக்குத்தான். உங்கிட்டக் கடன் வெச்சுக்கிட்டே உம் மேல ஆணை போட்டவன் நானு." அவர் பிய்ந்த உள்பையை உள்ளே தள்ளினார்.  "குடுத்துட்டேன். இனிமே எங்கூட இருந்தா, அது கடனுக்காக இல்ல. உனக்கு இஷ்டம் இருந்தா வா. இல்லேன்னா, தம்பி வீட்டுப் பக்கத்துலயே ஒரு அறை பாத்துத் தரேன். நான் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறேன்."

அவள் தாள்களை எடுத்து, எண்ணாமல், பஸ்தாவியின் கம்பளி மடிப்பில் செருகினாள்.

"ஐயோ, வேணாம்," என்றான் பஸ்தாவி. "ஏற்கனவே எனக்கு நகைத் திருடன்னு ஒரு பேரு இருக்கு."

"ஆஸ்பத்திரிக்கு. பேசாத இரு."

பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். "காலைல குளுருது. இருமல் மருந்து குடிச்சீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"கப்பல்ல பைக்குள்ள இருக்கு. வந்து தரேன்."

ஷுக்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே சட்டைப் பைகளைத் தடவத் தொடங்கினார், இடது, வலது, மறுபடி இடது. "ஒண்ணு குறையுது. ரெண்டாயிரத்து ஒண்ணு எழுதினது. ஒத்த பவுண்டு சில்லறை யாராவது..."

ஹிக்மத் தன் சுருக்குப் பையைத் திறந்தாள். வெகுநேரம் துழாவினாள். ஒரு பவுண்டு நாணயம், ஓரம் தேய்ந்தது. அதை இரண்டு கையாலும் நீட்டினாள். 

"ஆறு வளையல், ஒரு சங்கிலி," என்றாள். "இதுதான் அண்ணி இருக்கு எங்கிட்ட."

இன்ஸாஃப் நாணயத்தை வாங்கினாள். அது ஹிக்மத்தின் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. முக்காட்டு நுனியில் வைத்து, பல்லால் இழுத்து இறுக்கி முடிந்தாள்.

"அதுக்கும் சேத்து இதுதான்," என்றாள். "எனக்கு இனிமே யாரும் ஒண்ணும் தர வேண்டியதில்ல."